வெற்று வானத்தின் சாட்சி

2004 ஜனவரி 13 இரவு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிரையன் வார்னர் என்ற வானியல் ஆர்வலர் தம் தொலைநோக்கியை வானத்தின் ஒரு சின்னஞ்சிறு பகுதிக்குத் திருப்பினார். ஒரு சிறுகோள் அங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். இருந்தால் அது ஓரிரு நாளில் பூமியில் வந்து விழும். இல்லையென்றால் கவலை தீர்ந்தது. வார்னர் படம் எடுத்தார், தேடினார். அங்கே ஒன்றும் இல்லை.

அந்த 'ஒன்றும் இல்லை' என்ற பதிலுக்காகப் பல நாட்டு விஞ்ஞானிகள் அன்று இரவு தூங்காமல் காத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். நியூ மெக்சிகோவில் இயங்கிய லீனியர் என்னும் தேடல் திட்டம் முந்தைய இரவில் ஒரு புதிய பொருளைப் பிடித்தது. ஏஎல்00667 என்பது அதற்கு வைக்கப்பட்ட தற்காலிகக் குறியீடு. உலகின் எந்த மூலையில் சிறுகோள் அளவீடு எடுக்கப்பட்டாலும், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மைனர் பிளானட் சென்டருக்குத்தான் போய்ச் சேரும். அங்கே தானியங்கிக் கணக்கு ஒரு தோராயப் பாதையைப் போட்டு, மற்றவர்களும் தேடிப் பார்க்கட்டும் என்று உறுதிப்படுத்தல் பட்டியலில் சேர்த்தது. பட்டியலைப் படித்த ஜெர்மானிய ஆர்வலர் ஒருவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. மறுநாளுக்குள் அந்தப் பொருள் நாற்பது மடங்கு பிரகாசமாகும் என்று எண்கள் சொல்லின. ஒரே நாளில் அப்படி ஒளி கூட வேண்டுமானால் அது பூமியை நோக்கி நேராக வந்துகொண்டிருக்க வேண்டும்.

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் செஸ்லி கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மோதலுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வந்தது. கல்லின் அகலம் சுமார் 30 மீட்டராக இருக்கலாம். கையில் இருந்ததோ ஓர் இரவின் சில அளவீடுகள் மட்டும். அவ்வளவு குறைந்த தரவில் தொலைவு பிடிபடாது. கண்ணருகே மெதுவாகப் பறக்கும் கொசுவும் தூரத்தில் வேகமாகப் பறக்கும் பருந்தும் ஒரே அளவாக, ஒரே வேகமாகத் தெரிவதைப் போன்ற சிக்கல் இது. இன்னொரு இரவின் அளவீடு இருந்தால் சிக்கல் அவிழ்ந்துவிடும். ஆனால் ஐரோப்பாவின் பெரும்பகுதியை அன்று மேகம் மூடியிருந்தது.

வார்னரின் வானம் தெளிவாக இருந்தது. வானியல் மென்பொருள் எழுதுபவர் அவர். சிறுகோள்களின் ஒளி ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து பழகிய கை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியில்தான் நுட்பம் இருந்தது. சிறுகோள் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பூமியில் மோதப் போகிறது என்றால் அது இந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதைக் கணக்கிட முடியும். அந்த இடம் காலியாக இருந்ததால் மோதல் பாதையும் இல்லை என்றாயிற்று. பிற்பாடு 2004 ஏஎஸ்1 என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் உண்மையில் 500 மீட்டர் அளவுள்ள பெரிய சிறுகோள். பூமியிலிருந்து சுமார் 1.2 கோடி கிலோமீட்டர் தள்ளி, தன் வழியே போய்க்கொண்டிருந்தது.

வானியல் ஆர்வலர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 'யார் எதைக் கண்டுபிடித்தார்' என்ற கேள்விதான் முன்னால் வருகிறது. இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு அதைச் சற்றுத் தள்ளி வைக்கிறது. பூமியை நெருங்கி வரும் சிறுகோள்களின் விஷயத்தில் ஆர்வலர்களின் உண்மையான பெருமை அளவீட்டில் இருக்கிறது. சரியான இடத்தில், சரியான நொடியில் நின்று, கண்டதைக் கண்டபடியும் காணாததைக் காணவில்லை என்றும் எழுதி அனுப்பும் நேர்மையில் இருக்கிறது. கண்டுபிடிப்புகளும் நடக்கின்றன, அவையும் சொல்லப்பட வேண்டியவையே.

ஸ்பெயினின் தெற்கே, கிரனடா மாகாணத்தில் லா சாக்ரா என்றொரு மலை. அங்குள்ள வானாய்வகத்தை நடத்திய குழுவில் முக்கியமானவர் ஜௌமே நோமென். தொழிலால் பல் மருத்துவர். 2012 பிப்ரவரி 23 அன்று அந்தக் குழு ஒரு வேகமான புள்ளியைப் படத்தில் கண்டது. 2012 டிஏ14 என்று குறியீடு பெற்ற அந்தக் கல், மறு ஆண்டு பிப்ரவரி 15 அன்று பூமியின் பரப்பிலிருந்து சுமார் 27,700 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து சென்றது. தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிற்கும் வளையம் 35,800 கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்கும் உள்ளே புகுந்து போன அந்தக் கல், மிக நெருங்கியபோது சுமத்ராவுக்கு அப்பால் கிழக்கு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருந்தது. இந்திய நேரம் நள்ளிரவு தாண்டி 12.55. இருகண் நோக்கி இருந்தால் பிடிக்கக்கூடிய ஒளி. பின்னாளில் அதற்கு டூயெண்டே என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் குறும்புச் சிற்றுரு அது. அன்றைய நெருக்கத்தில் பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே வளைத்துவிட்டது. சூரியனைச் சுற்ற ஏறக்குறைய ஓராண்டு எடுத்துக்கொண்டிருந்த கல், அதன்பின் 317 நாளில் சுற்றத் தொடங்கியது.

அதே நாள் காலையில், ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அளவுள்ள வேறொரு கல் வெடித்தது. அதிர்வலையில் சன்னல் கண்ணாடிகள் சிதறி ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள். அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஓராண்டுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட கல் ஒன்றும், யாரும் அறியாத கல் ஒன்றும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் தொடர்பில்லை, பாதைகள் வேறு வேறு.

பத்தாண்டு கழித்து, 2023 ஜனவரி 21 அன்று, கிரிமியாவில் கென்னாடி போரிசோவ் மற்றொரு கல்லைப் பிடித்தார். வானாய்வு நிலையத்தில் பொறியாளர் வேலை, மற்ற நேரத்தில் சொந்தத் தொலைநோக்கிகள் என்று வாழ்பவர். 2019-இல் வேறொரு விண்மீனின் குடும்பத்திலிருந்து வந்த வால்நட்சத்திரத்தை, தாமே செய்த 65 செ.மீ. தொலைநோக்கியில் கண்டவரும் இவரே. ஜனவரியில் அவர் பிடித்த 2023 பியூ ஒரு லாரி அளவுக் கல். கண்டுபிடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தென் அமெரிக்காவின் தென்முனைக்கு மேலே வெறும் 3,600 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போயிற்று. விழாது என்று நாசா முன்கூட்டியே உறுதியாகச் சொன்னது. இடைப்பட்ட நாள்களில் உலகின் பல இடங்களிலிருந்து வந்து குவிந்த அளவீடுகளே அந்த உறுதிக்கு அடிப்படை.

அந்த அளவீடு எப்படி எடுக்கப்படுகிறது? இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

சாதாரணமாகத் தொலைநோக்கி பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து விண்மீன்களைப் பின்தொடர்ந்து திரும்பும். விண்மீன்கள் புள்ளியாக விழும். நெருங்கி வரும் சிறுகோளோ அந்தப் படத்தில் கோடாக இழுபடும். அதன் ஒளி முழுவதும் கோட்டின் நீளத்துக்குப் பரவிக் கரைந்துவிடும். ஆகவே நீண்ட நேரப் படம் பயன்படாது. சில நொடிப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, சிறுகோள் நகரும் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அப்போது விண்மீன்கள் கோடாகும். மங்கலான சிறுகோள் இருளிலிருந்து புள்ளியாக எழும். இதற்கான கருவிகளையும் பெரும்பாலும் ஆர்வலர்களே செய்துகொண்டார்கள். ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் ராப் எழுதிய அஸ்ட்ரோமெட்ரிகா பல ஆண்டுகளாக ஆர்வலர்களின் கையிருப்பு மென்பொருள். வேகமும் திசையும் தெரியாத கல்லைக்கூட எல்லாச் சாத்தியங்களையும் அடுக்கிப் பார்த்துத் தேடும் டைக்கோ டிராக்கர் அண்மைக் காலத்தில் வந்தது. இங்கிலாந்தில் கிரேட் ஷெஃபர்டு என்ற கிராமத்தில் பீட்டர் பர்ட்விசில் 40 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, இப்படிப் பறக்கும் கற்களைத் துரத்துவதில் தொழில்முறை வானியலாளர்களும் மதிக்கும் பெயர் எடுத்திருக்கிறார்.

படம் பிடித்தால் மட்டும் போதாது. கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். டூயெண்டே உச்ச வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 0.8 பாகை நகர்ந்தது. கணினியின் கடிகாரம் ஒரே ஒரு நொடி பிந்தியிருந்தால், தொலைநோக்கியில் வியாழன் கோள் தெரியும் அகலத்துக்குச் சிறுகோளின் இடம் பிசகிவிடும். பாதைக் கணக்குக்கு அது பெரும்பிழை. அதனால்தான் தீவிர ஆர்வலர்கள் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் நேரத் துடிப்பைக் கேமராவோடு இணைக்கிறார்கள்.

இடமும் அப்படித்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று எல்லோரும் படித்ததுதான் இங்கே முழு உருவத்தில் வந்து நிற்கிறது. 28,000 கிலோமீட்டர் உயரத்தில், தலைக்கு மேலே ஒரு கல் கடக்கும்போது சென்னையிலிருந்து ஒருவரும் மதுரையிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் பார்த்தால், விண்மீன்களின் பின்னணியில் அதன் இடம் நிலவின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் விலகித் தெரியும். சென்னைக்குப் போட்ட இட அட்டவணையை வைத்துக்கொண்டு மதுரையில் தேடினால் தொலைநோக்கியில் வெறும் வானம்தான் கிடைக்கும். ஆனால் இருவரும் தங்கள் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகச் சொன்னால், அந்த விலகலிலிருந்தே கல்லின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். மைனர் பிளானட் சென்டர் ஒவ்வோர் ஆய்விடத்துக்கும் தனிக் குறியீடு கொடுப்பதன் காரணம் இதுதான். தெரிந்த சிறுகோள்களை அளந்து அனுப்பித் தேர்ச்சி காட்டினால்தான் அந்தக் குறியீடு கிடைக்கும். படிப்பு என்ன, பதவி என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அளவு சரியா என்பதே கேள்வி. மரியாதைக்குரிய ஏற்பாடு அது.

நெருங்கிய கல் மீண்டும் மங்கி மறையும் முன் அதனிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, அது எப்படிச் சுழல்கிறது என்பது. இங்கிலாந்தின் டார்செட்டைச் சேர்ந்த ரிச்சர்ட் மைல்ஸ், பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் ஆர்வலர். 2008 ஏப்ரல் கடைசியில் 2008 எச்ஜே என்ற சிறு கல் பூமியைக் கடந்தபோது, ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலுள்ள இரண்டு மீட்டர் ஃபோல்க்ஸ் தொலைநோக்கியை வீட்டிலிருந்தே இணையம் வழியாக இயக்கி அதைத் தொடர்ந்தார். ஒளி ஏறி இறங்குவதைக் கணக்கிட்டபோது, கல் 42.7 நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவது தெரிந்தது. அதுவரை அறியப்பட்ட சூரியக் குடும்பப் பொருள்களில் அதுவே மிக வேகமான சுழற்சி. முந்தைய சாதனை 78 நொடி.

இதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் பெரிது. ஏறக்குறைய 200 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில், 2.2 மணி நேரத்துக்கும் குறைவான சுற்றுக்காலம் உள்ளவை மிக அரிது. பெரும்பாலானவை ஜல்லிக் குவியல்கள். தம் ஈர்ப்பு ஒன்றாலேயே சேர்ந்து நிற்பவை. அதைவிட வேகமாகச் சுற்றினால் சிதறிவிடும். 42.7 நொடியில் சுற்றும் கல்லைச் சேர்த்துப் பிடிக்க அந்தச் சிறு ஈர்ப்பு போதவே போதாது. ஆகவே அது இறுகிய ஒற்றைப் பாறையாக இருக்க வேண்டும். வருங்காலத்தில் ஒரு சிறுகோளைத் தள்ளிவிட வேண்டிய நிலை வந்தால், தள்ளப்போவது பாறையையா குவியலையா என்று தெரியாமல் இறங்க முடியாது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் அப்படித் தள்ளிப் பார்க்கவே டிமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதியபோது, அந்த நொடியின் ஒளிப்பெருக்கத்தை ரியூனியன் தீவிலும் கென்யாவிலும் இருந்த ஆர்வலர்களின் சிறு தொலைநோக்கிகள் பதிவு செய்தன. அந்தப் பதிவுகளை வைத்து எழுதிய ஆய்வுரை அடுத்த ஆண்டு நேச்சர் இதழில் வந்தது.

சில கற்கள் கடந்து போவதில்லை, வந்து விழுந்தேவிடுகின்றன. 2008 அக்டோபர் 6 அன்று அரிசோனாவில் வானியலாளர் ரிச்சர்ட் கோவால்ஸ்கி கண்ட 2008 டிசி3, ஏறக்குறைய 20 மணி நேரத்தில் சூடானின் நூபியப் பாலைவனத்துக்கு மேலே வெடித்துச் சிதறியது. விழும் முன்பே விண்வெளியில் காணப்பட்ட முதல் சிறுகோள் அது. இடைப்பட்ட சில மணிகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அளவீடுகள் வந்து சேர்ந்தன. அனுப்பியவர்களில் பலர் ஆர்வலர்கள். விழும் இடத்தை அவ்வளவு நன்றாகக் கணக்கிட்டதால்தான் விண்கல் ஆய்வாளர் பீட்டர் ஜெனிஸ்கென்ஸும் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் முவாவியா ஷத்தாத்தும் மாணவர்களோடு பாலைவனத்தில் வரிசை கட்டி நடந்து துண்டுகளைப் பொறுக்க முடிந்தது. சுமார் 600 துண்டுகள், 10 கிலோவுக்கு மேல். அருகிலிருந்த ரயில் நிறுத்தத்தின் பெயரால் அவை அல்மஹாத்தா சித்தா என்று அழைக்கப்படுகின்றன. அரபு மொழியில் ஆறாம் நிலையம் என்று பொருள். வானத்தில் கண்ட கல்லையும் கையில் எடுத்த கல்லையும் ஒன்றென்று சொல்ல முடிந்தது அதுவே முதல் முறை.

மிக நுணுக்கமான வேலை, மறைப்பைப் பதிவு செய்வது. சிறுகோள் ஒரு விண்மீனுக்கு நேரே வந்து அதை மறைக்கும் கணத்தில், அதன் நிழல் பூமியின் மேல் ஓடும். 2021 மார்ச் 7 அன்று அபோஃபிஸ் சிறுகோளின் நிழல் அமெரிக்காவில் விழும் என்று கணக்கு சொன்னது. அபோஃபிஸின் அகலம் சுமார் 375 மீட்டர். நிழலும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டு தெரு தள்ளி நின்றால் எதுவும் தெரியாது. மறைப்பு நீடிப்பதோ ஒரு நொடிக்கும் குறைவு. ஆர்வலர்கள் நிழல் போகும் வழிக்குக் குறுக்கே இடைவெளி விட்டு, வயலுக்கு வரப்பு போடுவது போல வரிசையாகக் கருவிகளை வைத்துப் பிடித்தார்கள். சிலருடைய கேமராவில் விண்மீன் ஒரு கணம் அணைந்தது. மற்றவர்களின் கேமராவில் அணையவில்லை. அணைந்தது கல்லின் இடத்தைச் சொல்லியது. அணையாதது அதன் விளிம்பைச் சொல்லியது. வார்னரின் வெற்று வானம் போலவே, இங்கேயும் ஒன்றும் காணாதவரின் பதிவு கணக்குக்குள் வந்தது.

அபோஃபிஸ் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, 2029-இல் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று ஒரு கட்டத்தில் கணக்கிடப்பட்டு உலகையே கவலைப்பட வைத்த சிறுகோள். 2021 மார்ச் கடைசியில், ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு, இன்னும் நூறாண்டுக்காவது அதனால் ஆபத்தில்லை என்று நாசா அறிவித்தது.

சிறு தொலைநோக்கிகளுக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஒய்ஆர்4, அப்போதே பூமியை நெருங்கிக் கடந்து விலகிக்கொண்டிருந்தது. 2032-இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாளில் ஏறத்தாழ இல்லை என்று இறங்கியது. தொடக்க வாரங்களுக்குப் பின் அதைப் பின்தொடரப் பெரிய தொலைநோக்கிகள்தான் தேவைப்பட்டன. சிலியின் 8.4 மீட்டர் ரூபின் தொலைநோக்கியும் வந்துவிட்டது. கண்டுபிடிப்புப் போட்டியில் ஆர்வலர்களுக்கு இனி இடம் சுருங்கும். ஆனால் மிக நெருங்கி, மிக வேகமாக, இன்று இரவே போய்விடும் கல்லுக்குப் பல நாடுகளில், பல தீர்க்கரேகைகளில் தயாராக நிற்கும் கண்கள் வேண்டும். ஒரே மலையில் நிற்கும் ஒரு பெரிய கண்ணாடியால் அதைச் செய்ய இயலாது. அங்கே பொழுது விடிந்துவிட்டால் அது குருடு.

இந்தக் கதையில் தமிழ் மண்ணுக்கும் உண்மையான ஒரு தொடர்பு உண்டு. விண்மீனானாலும் சிறுகோளானாலும் அதன் பிரகாசத்தை ஆர்வலர்கள் ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு வேறுபாடு என்ற அந்த அளவுகோலை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். 1861-இல் அவர் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று அங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். நூற்றிருபத்தேழு ஆண்டு கழித்து, 1988 பிப்ரவரியில், வாணியம்பாடிக்கு அருகேயுள்ள காவலூரில் வானியலாளர் ராஜமோகன் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் கண்ட சிறுகோள் இன்று ராமானுஜன் என்ற பெயரைத் தாங்குகிறது. இரண்டும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுபவை. பூமியை நெருங்குபவை அல்ல.

நெருங்கி வரப்போவது அபோஃபிஸ். 2029 ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை இரவு அது பூமியின் பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கும். மிக நெருங்கும் நேரம் இந்தியக் கணக்கில் ஏப்ரல் 14 அதிகாலை 3.16, சித்திரை முதல் நாள் விடியும் முன். இவ்வளவு பெரிய சிறுகோள் இவ்வளவு அருகில் வருவது சில ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை நேர்வது. போக்சனின் அளவுகோலில் 3.1 வரை ஒளி ஏறும்; தொலைநோக்கி வேண்டாம், வெறும் கண் போதும். உச்ச ஒளியில் பார்க்கும் வாய்ப்பு ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும். ஆனால் அதற்கு முந்தைய மணிகளில் அது ஆஸ்திரேலியாவைத் தாண்டி இந்தியப் பெருங்கடலைக் கடந்துதான் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டிய நேரம் அதுவே.

இந்த அவையில் இருக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வேண்டுகோள் ஒன்று. அந்த இரவுக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். அதுவரை வரும் சிறிய நெருக்கங்களில் கை பழகுங்கள். அன்று மொட்டைமாடிக்கோ ஊருக்கு வெளியே இருட்டான திடலுக்கோ போங்கள். நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நொடி பிசகாத நேரம், எந்த விண்மீனுக்கு அருகே எவ்வளவு ஒளியோடு தெரிந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மேகம் மூடிவிட்டால், எத்தனை மணிக்கு மூடியது, எத்தனை மணிக்கு விலகியது என்று எழுதுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதையும் நேரத்தோடு எழுதி வையுங்கள்.